ஆளைத் தடுப்பதா, கொடியைத் தடுப்பதா?

போர் நடத்துகிற நாட்டின் விளையாட்டு வீரர்களைப் பன்னாட்டுப் போட்டிகளில் சேர்க்கலாமா, கூடாதா? இது எங்கோ லொசான் நகரத்தில் கோட்டுப் போட்டவர்கள் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம், விடிந்தால் கட்டட வேலைக்கும் கார்மென்ட்ஸுக்கும் மூட்டை தூக்கவும் ஓடுகிற நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. ஒதுங்க முடியாது என்பதே நம் கருத்து. ஒரு மனிதனை அவன் நாட்டு அரசாங்கம் செய்த காரியத்துக்காகத் தண்டிக்கலாமா என்பதுதான் இந்தக் கேள்வியின் உள்ளே இருக்கிற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி நம்மைவிட வேறு எவருக்கு உண்டு?

2025-ஆம் ஆண்டில் அது நம் ஊர் வாசலுக்கே வந்தது. ஈட்டி எறியும் வீரர் நீரஜ் சோப்ரா தம் பெயரிலேயே ஒரு பன்னாட்டுப் போட்டியைப் பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் நடத்த முனைந்தார். பேர்பெற்ற வீரர்களை அழைத்தபோது பாகிஸ்தானின் அர்ஷத் நதீமையும் அழைத்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியவர் நதீம், 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி வாங்கியவர் நீரஜ். முதலாமவனை விட்டுவிட்டு இரண்டாமவன் பந்தயம் நடத்தினால் அது என்ன பந்தயம்? நதீமோ, ஆசியப் போட்டிக்குப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கிறது, வர இயலாது என்று சொல்லிவிட்டார். இதற்கிடையில் ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். உடனே நீரஜின் நாட்டுப்பற்றைச் சந்தேகித்து வசைமாரி தொடங்கியது. அவருடைய தாயாரையும் விட்டுவைக்கவில்லை. பாரிஸில் நதீம் வென்றபோது அவனும் நம் பிள்ளைதான் என்ற பொருளில் அந்த அம்மா பேசியிருந்தார். முந்தின வருஷம் நாடே மெச்சிய அந்தப் பேச்சு இப்போது குற்றமாகிவிட்டது. தாக்குதலுக்கு முன்பே அனுப்பிய அழைப்பு அது என்று, பட்டாளத்தில் பதவி வகிக்கும் அந்த மனிதர் அறிக்கை விட்டு விளக்க வேண்டியதாயிற்று. மே மாதம் நடக்கவிருந்த போட்டி, எல்லையில் சண்டை மூண்டதால் தள்ளிப்போய் ஜூலை 5-இல் நடந்தது. நீரஜ் வென்றார். கென்யாவின் ஜூலியஸ் யேகோ இரண்டாவது. மூன்றாவதாக வந்தவர் யார் தெரியுமா? இலங்கையின் ருமேஷ் பதிரகே.

இலங்கை வீரர் பெங்களூரில் எறிந்தார், பரிசு வாங்கினார், போனார். தமிழர்கள் அடர்ந்து வாழும் இந்த நகரத்தில் அவரை எவரும் மறிக்கவில்லை. அது சரியா? நம் சங்கத்துக்குள்ளேயே இதில் ஒரே குரல் இல்லை. இனப்படுகொலை செய்த நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறவனுக்குக் கைதட்டலா என்று கொதிக்கிறவர்கள் ஒருபுறம். விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று சொல்கிறவர்கள் மறுபுறம். இரண்டு பக்கமும் பாதி உண்மையைத்தான் பேசுகின்றன என்று நாம் நினைக்கிறோம்.

முதலில் கொதிப்பவர்களின் பக்கம் வருவோம். அந்தக் கொதிப்பு நியாயமானது. 2009-ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் கடைசி மாதங்களில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழுவே 2011-இல் சொன்னது. 2013 பிப்ரவரியில் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளியாயின. பிஸ்கட்டோ எதையோ கையில் வைத்துக்கொண்டு உயிருடன் உட்கார்ந்திருக்கிற ஒரு படம். மார்பில் குண்டு பாய்ந்து கிடக்கிற இன்னொரு படம். பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்? அந்த நாட்களில்தான் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா, அந்த ஆண்டு ஜூலையில் சென்னையில் நடக்கவிருந்த ஆசியத் தடகளப் போட்டியை நடத்த முடியாது என்றார். இலங்கையைச் சேர்த்தால் சென்னையில் இடமில்லை என்பது அவர் நிலை. மார்ச் மாதம் லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் தமிழ்நாடு முழுதும் பரவியது. மாத இறுதியில், இலங்கை வீரர்கள் எவரும் சென்னையில் ஐ.பி.எல். ஆட்டங்களில் ஆடமாட்டார்கள் என்று கிரிக்கெட் நிர்வாகம் அறிவித்தது.

அதற்கும் முந்தி, 2012 செப்டம்பரில், நட்பு ஆட்டம் ஆட வந்த இலங்கைப் பள்ளிக் கால்பந்து அணியினரைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பு ராயல் கல்லூரிப் பிள்ளைகளும் அதில் உண்டு. அந்தப் பள்ளியில் சிங்களப் பிள்ளைகள் மட்டுமல்ல, தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பந்து உதைக்க அனுமதி கொடுத்த மைதான அதிகாரி தற்காலிக வேலைநீக்கம் செய்யப்பட்டார். போரை நடத்தியவர்கள் மேல் விழவேண்டிய அடி கால்சட்டை போட்ட மாணவன் மேல் விழுந்தது.

விளைவு என்ன? தடகளப் போட்டி புனேவுக்குப் போயிற்று. இலங்கை வீரர்கள் அங்கே ஓடினார்கள். தன் ஊரில் ஆசிய வீரர்களோடு ஓடும் வாய்ப்பை இழந்தவன் தமிழ்நாட்டு ஓட்டக்காரன்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு கொள்கைக்காக நட்டப்படுவதில் மானம் உண்டு. ஆனால் கிரிக்கெட்டில் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு நம் பெங்களூர் அணியில் இருந்த இலங்கையர்களில் ஒருவர் முத்தையா முரளிதரன். ஏப்ரல் 13 அன்று பெங்களூர் அணி சேப்பாக்கத்தில் ஆடியபோது அவர் களமிறங்க முடியவில்லை. (அந்த ஆட்டம் கடைசிப் பந்தில், அதுவும் ஒரு நோ-பாலில், சென்னைக்கு வெற்றியாக முடிந்தது, நம் தெருக்களில் அன்று யார் அழுதார்கள், யார் வெடி வெடித்தார்கள் என்பதை இங்கே எழுதினால் அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும்.)

முரளிதரன் யார்? கண்டியில் பிறந்த தமிழர். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்துக் கூலியாக இங்கிருந்து கடல் கடந்து போனவர். நம் பாட்டன்மார் கோலார் தங்கவயலுக்கும் பெங்களூர் மில்லுகளுக்கும் வண்டி ஏறிய அதே காலத்தில், அதே பஞ்சத்துக்குத் தப்பி, வேறு திசையில் கப்பல் ஏறியவர்களின் வம்சம் அது. அந்த மலையகத் தமிழர்களைத்தான் 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேளாமலே, இந்தியாவுக்கு இத்தனை பேர் இலங்கைக்கு இத்தனை பேர் என்று பங்கு பிரித்தது. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர்தான் இதே கர்நாடகத்தில் சுள்ளியாவிலும் புத்தூரிலும் ரப்பர் பால் வெட்டுகிறார்கள். 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் முரளிதரன் குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலையைக் கொளுத்தினார்கள். சிங்களவன் அவரைத் தமிழன் என்று அடித்தான். தமிழ்நாடு அவரைச் சிங்கள நாட்டுக்காரன் என்று நிறுத்தியது. இதற்குப் பெயர் பழிவாங்கலா?

உடனே ஒரு பதில் வரும்: முரளிதரன் ராஜபக்சக்களுக்கு வேண்டியவர், 2019-இல் கோத்தபயவை ஆதரித்துப் பேசியவர் என்று. உண்மை. அந்தப் பேச்சை நாம் கண்டிக்கிறோம். ஆனால் 2013-இல் தடுத்தது அவர் பேச்சுக்காக அல்ல, அவர் கையிலிருந்த பாஸ்போர்ட்டுக்காக. பேச்சுக்காக என்றால் பேசியவரைப் பெயர் சொல்லித் தடுத்திருக்கலாம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2010-இல், முள்ளிவாய்க்கால் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், இதே முரளிதரன் சென்னை அணியின் மஞ்சள் சட்டையில் சேப்பாக்கத்தில் பந்து வீசினார். மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த ஆண்டுக் கோப்பையும் சென்னைக்கு வந்தது. 2010-இல் இல்லாத குற்றம் 2013-இல் எங்கிருந்து முளைத்தது?

அதே காலத்தில் தடுக்கப்படாதவர்கள் யார் என்றும் பார்க்கவேண்டாமா? 2012 ஜூலையில் தாம்பரத்தில் இந்திய விமானப்படை இலங்கை விமானப்படையினர் 9 பேருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. மத்திய அரசு என்ன செய்தது? பயிற்சியை நிறுத்தவில்லை. அவர்களை மூட்டை கட்டி நம் ஊர் எலஹங்காவுக்கு அனுப்பியது. தமிழன் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ. எலஹங்காவில் சித்தாள் வேலை பார்ப்பவளும் தமிழச்சிதான் என்பது டெல்லிக்குத் தெரியாது. 2013 பிப்ரவரியில் மகிந்த ராஜபக்ச திருப்பதிக்கு வந்து, பலத்த காவலோடு ஏழுமலையானைத் தரிசித்துவிட்டுப் போனார். குண்டு போட்ட படைக்காரனுக்குப் பயிற்சி, உத்தரவிட்டவனுக்கு வரவேற்பு, சுழற்பந்து வீசுகிறவனுக்குத் தடை. ஒரு இனத்தின் துயரத்தை மத்திய அரசு எவ்வளவு மலிவாகத் தீர்த்துக்கொண்டது!

அரசாங்கங்களின் சண்டையில் ஆள் அடிபடுவது என்ன என்பதை நாம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1991 டிசம்பர் 11-இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வந்தது. வழக்குத் தொடுத்தது தமிழக அரசு. வாதாடியது கர்நாடக அரசு. ஆணையிட்டது நடுவர் மன்றம். மறுநாள் பெங்களூரில் குடிசை இழந்தவன் கூலித் தமிழன். ஆற்றில் எத்தனை டி.எம்.சி. ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் வீட்டுக் குடத்தில் எத்தனை குடம் தண்ணீர் என்பதுதான் தெரியும். 2000-ஆம் ஆண்டு நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியவன் வீரப்பன். மூன்று மாதத்துக்கு மேல் பிள்ளைகளைத் தெருவில் தமிழ் பேசாதே என்று அடக்கி வைத்தது நாம். 2016 செப்டம்பர் 12-இல் மறுபடியும் காவிரி. தமிழ்நாட்டுப் பதிவு எண் இருந்த ஒரே பாவத்துக்காக வண்டிகள் வரிசையாக எரிந்தன. ஒவ்வொரு முறையும் நாம் சொன்னது என்ன? நாங்கள் உழைக்க வந்தவர்கள், எங்கள் அரசு செய்வதற்கு எங்களை ஏன் அடிக்கிறீர்கள் என்றுதானே? அந்த வாயால், இலங்கைப் பள்ளிப் பையனைத் துரத்தியது சரி என்று எப்படிச் சொல்வது?

இப்படிச் சொல்வதால் விளையாட்டு புனிதமானது, அதில் அரசியல் இல்லை என்று சொல்கிறவர்களோடு நாம் சேர்ந்துவிட்டோம் என்று எண்ணவேண்டாம். அந்தப் பேச்சு நமக்கு அருவருப்பாக இருக்கிறது. அரசியல் இல்லாத இடமா அது? 2008 ஜூலையில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அஜந்த மெண்டிஸ் 13 ஓட்டங்களுக்கு 6 இந்திய விக்கெட்டுகளை எடுத்தார். அவர் இலங்கைப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். கோப்பை வந்த கையோடு படை அவருக்கு அதிகாரிப் பதவி கொடுத்தது. வன்னியில் அதே படையின் பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சனத் ஜெயசூரிய 2010 ஏப்ரலில் ராஜபக்சவின் கூட்டணியில் நின்று நாடாளுமன்ற உறுப்பினரானார். அதன் பிறகும் 2011-இல் இலங்கைக்காக ஆடினார். நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? 2019 மார்ச்சில் ராஞ்சியில் இந்திய அணி பட்டாளத்துத் தொப்பியோடு களமிறங்கியது. அதே ஆண்டு உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் இருந்த படைச் சின்னத்தை எடுக்கச் சொல்லும் நிலை வந்தது. பந்தயத்தைப் போரின் விளம்பரப் பலகையாக்குவது எல்லா அரசுகளுக்கும் பிடித்தமான வேலை.

ஆகவே கொடியும் ஆளும் ஒட்டிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கத்தான் நாம் பழகவேண்டும். நமக்கு நாமே வைத்துக்கொள்ள ஒரு சோதனை இருக்கிறது. 1987 அக்டோபர் 9 அன்று சென்னையில் உலகக் கோப்பை ஆட்டம். கபில் தேவின் அணி ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றது. அடுத்த இரண்டு நாட்களில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படை போரைத் தொடங்கியது. அக்டோபர் 14-இல் நம் சின்னசாமி மைதானத்தில் நியூசிலாந்தை 16 ஓட்டங்களில் வென்றோம். அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படை நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டது. மறுநாள் டெல்லியில் இந்தியா ஆஸ்திரேலியாவை வென்றது. போர் நடத்துகிற நாட்டின் வீரன் ஆடக்கூடாது என்பது சட்டமானால் அந்த மாதம் நம் ஸ்ரீகாந்தைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சாவுக்கு அவர் பொறுப்பு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிப்பது நியாயம். அதே நியாயம் குலசேகரவுக்கும் உண்டு. பெயர் சிங்களப் பெயராக இருக்கிறது என்பதற்காக நியாயம் மாறாது.

ஆனால் ஒரு நாட்டு வீரன் விருந்தாளியாக வருவது வேறு, போர் நடத்துகிற அரசு தன் வீட்டில் விருந்து வைப்பது வேறு. 2006 ஆகஸ்ட் 14-இல் முல்லைத்தீவுப் பக்கம் செஞ்சோலை வளாகத்தில் இலங்கை விமானங்கள் குண்டு வீசி இளம் மாணவியர் பலர் மாண்டார்கள். நான்காம் நாள், ஆகஸ்ட் 18-இல், கொழும்பில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி கொடியேற்றத்தோடு தொடங்கியது. இந்தியா அணியை அனுப்பியது. பதக்கப் பட்டியலில் முதலிடமும் வந்தது. அனுப்பியிருக்கக் கூடாது என்பது நம் திடமான கருத்து. போட்டியை நடத்துகிற அரசு அன்று வாண வேடிக்கை விடும், அணிவகுப்பில் சல்யூட் வாங்கும், உலகமே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது பார் என்று காட்டும். அந்த மேடைக்கு நாம் நாற்காலி தூக்கக் கூடாது. இந்தக் கணக்கில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நின்றபோது நடந்த 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இந்தியா போனதும் தவறுதானே, அங்கே நம் பாஸ்கரன் தலைமையில் ஹாக்கித் தங்கம் வந்ததே என்று கேட்பீர்கள். ஆம், கணக்கு கணக்குதான். தங்கம் இனிக்கிறது என்பதற்காக அளவுகோலை வளைக்க முடியாது.

ஒதுங்குவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவைக் காட்டலாம். 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு இந்தியா வந்தது. சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் கொண்டுவந்து சேர்த்தார்கள்; ராமநாதன் கிருஷ்ணன் ஆடாத தலைவர். எதிரில் நிறவெறி அரசின் தென்னாப்பிரிக்கா. இந்திய அரசு ஆடமாட்டோம் என்றது. கோப்பை பந்து அடிக்காமலே அவர்களுக்குப் போயிற்று. இருபது வயதில் கைக்கெட்டியதை விடுவது எளிதல்ல. ஆனால் அந்தப் புறக்கணிப்பில் மூன்று விஷயங்கள் இருந்தன. அங்கே அணியே குற்றமாக இருந்தது: கறுப்பனுக்கு அந்தச் சட்டையே கிடையாது. புறக்கணியுங்கள் என்று கேட்டவர்கள் அடிபட்ட கறுப்பின மக்களே. நட்டத்தை ஏற்றது நாம். இன்னொருவன் தலையில் கட்டவில்லை. பல ஆண்டுகள் பல நாடுகள் அப்படி நின்றதால்தான் அந்த வெள்ளை அரசுக்கு உறைத்தது. 1991-இல் கொல்கத்தாவில் அவர்கள் மறுபடி கிரிக்கெட் ஆட வந்தபோது நிறவெறிச் சட்டங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன.

இன்றைய உலகச் சட்டாம்பிள்ளைகளின் தடைகளில் இந்த மூன்றில் எது இருக்கிறது? 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. பிப்ரவரி 28-க்குள் ஒலிம்பிக் குழு தடையைப் பரிந்துரைத்தது, கால்பந்துச் சம்மேளனம் ரஷ்ய அணிகளை நிறுத்தியது. நான்கே நாள்! ரஷ்யா செய்தது ஆக்கிரமிப்பு. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2003-இல் ஈராக்கைக் குண்டு போட்டுப் பிடித்த அமெரிக்கா அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நட்சத்திரக் கொடியோடு நடைபோட்டது. 2023 அக்டோபருக்குப் பின் காசாவில் பல்லாயிரம் பேர் மடிந்துகொண்டிருந்தபோதே 2024 பாரிஸில் இஸ்ரேல் தன் கொடியோடு வந்தது. பாலஸ்தீனமும் வந்தது, எட்டே பேரோடு. வலுத்தவன் நடத்தினால் பாதுகாப்பு நடவடிக்கை, வேண்டாதவன் நடத்தினால் போர் என்று இரண்டு தராசு வைத்திருக்கிறார்கள். சேட்டுக் கடையில் நகை அடகு வைக்கப் போகும்போது பார்க்கிற தராசே இதைவிட நேர்மையானது.

தடையின் கோமாளித்தனமும் உண்டு. 2022-இல் விம்பிள்டன் ரஷ்ய வீரர்களைச் சேர்க்கவில்லை. பெண்கள் பட்டத்தை வென்றவர் எலெனா ரிபாகினா; மாஸ்கோவில் பிறந்தவர், கஜகஸ்தான் பெயரில் ஆடியவர்.

இதில் உருப்படியான வழி ஒன்று பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. 1992-இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை யூகோஸ்லாவியாவுக்குத் தடை விதித்தபோது அணிகள் நின்றன. தனி வீரர்கள் மட்டும் நாட்டுப் பெயரின்றிப் பார்சிலோனாவில் ஆடினார்கள். பாரிஸிலும் ரஷ்யப் பாஸ்போர்ட்டில் 15 பேர், பெலாரஸ் பாஸ்போர்ட்டில் 17 பேர் கொடியின்றி, நாட்டுப் பண்ணின்றி வந்தார்கள். கொடியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஆள் உள்ளே வரலாம் என்ற இந்த ஏற்பாடு நமக்குச் சம்மதம். ஆனால் அதில் ஒரு விதி இருந்தது: படையோடு ஒப்பந்தத்தில் இருப்பவன் வரக்கூடாது. அது பணக்கார நாட்டு மூளை போட்ட விதி. நம் நாட்டில் ஓட்டக்காரனுக்கும் குத்துச்சண்டைக்காரனுக்கும் சோறு போடுவது எது? ரயில்வே, போலீஸ், பட்டாளம். மில்கா சிங்கை ஓடவைத்தது பட்டாளம். நீரஜுக்குச் சம்பளம் கொடுத்தது பட்டாளம். மெண்டிஸின் பந்துவீச்சைப் பார்த்து அவரை எடுத்துக்கொண்டதும் பட்டாளம்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு சர்க்கார் வேலை கிடைத்தால் குடும்பம் கரையேறும் என்று விடியற்காலையில் பிள்ளையை ஓடவிடுகிற தாய்மார் நம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு நாளைக்குப் பட்டாளத்தில் வேலை கிடைத்தால் அவன் போர் வெறியனா? வயிற்றுக்குச் சேர்ந்தவனையும் வெறிக்குப் பேசுகிறவனையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது.

எனவே நாம் கேட்பது இது. போர் நடத்துகிற நாடு எதுவானாலும், அது அமெரிக்காவானாலும் இந்தியாவானாலும், அதன் கொடியும் பண்ணும் அமைச்சரும் வாரியத் தலைவரும் மைதானத்துக்கு வெளியே நிற்கட்டும். அந்த நாட்டில் போட்டி வைத்தால் போகவேண்டாம். கொலையில் கை நனைத்தவன், கொலையைப் புகழ்ந்து மேடையேறியவன் எவனோ அவனைப் பெயர் சொல்லித் தடுக்கட்டும். மற்றவர்கள் ஆடட்டும். தடை வேண்டுமா என்று தீர்மானிக்கும்போது அடிபட்ட மக்களைக் கேட்கட்டும். காசாவுக்காகக் காசாக்காரனையும் ஈழத்துக்காக ஈழத்தமிழனையும் கேளாமல் கூட்டம் போடுவதில் அர்த்தமில்லை. 2013 ஜூன் 20 அன்று கார்டிஃப் மைதானத்தில் இந்தியா - இலங்கை ஆட்டத்தின் நடுவே கொடியோடு ஓடிய தமிழ் இளைஞர்கள் எந்த ஆட்டக்காரனையும் அடிக்கவில்லை. தங்கள் கோரிக்கையை உலகத்தின் கண்ணில் காட்டினார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்த முறை நமக்குப் புரிகிறது.

இதற்கு நேர்மாறான கூத்தை 2025 செப்டம்பரில் துபாயில் பார்த்தோம். ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானோடு மூன்று முறை ஆடினார்கள். டி.வி. விளம்பரப் பணம் அவ்வளவு பெரிது, விட மனமில்லை. ஆனால் கை குலுக்கமாட்டார்களாம்; கோப்பையை அந்த நாட்டு அமைச்சர் கையால் வாங்கமாட்டார்களாம். அமைச்சர் கையால் வாங்காததை நாம் குறை சொல்லவில்லை, அது நாம் சொல்கிற வழிதான். ஆனால் எதிரில் ஆடிய பையன் கையை ஏன் தள்ளவேண்டும்? ஆடக் கூடாது என்றால் அமிர்தராஜ் சகோதரர்களைப் போல நட்டப்பட்டு ஆடாமல் இருக்கவேண்டும். ஆடினால் கை கொடுக்கவேண்டும். 2023 ஜூனில் இதே கண்டீரவாவில் பாகிஸ்தான் கால்பந்து அணி விசா தாமதத்தால் ஆட்டத்தன்று வந்திறங்கி, தூக்கக் கலக்கத்தோடு ஆடி, 4-0 என்று தோற்றது. சேத்ரி மூன்று கோல் போட்டார். மைதானத்தில் கூச்சல் இருந்தது, கலகம் இல்லை.

இரண்டரை வருஷத்தில் காலம் எவ்வளவு மாறிவிட்டது! 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது. 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆடுகிற போட்டி. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பிரிவில் இருந்தன. அக்டோபரிலேயே பாகிஸ்தான் விலகிக்கொண்டது. அந்த இடத்துக்கு ஓமன் வந்து ஆடிவிட்டுப் போனது.